கருவிழியின் 'முதுகை' அளக்காததால் வந்த வினை!

லேசர் செய்துகொண்டவர்கள் புரை ஆபரேஷனுக்கு முன் கவனிக்க வேண்டியது

புரை ஆபரேஷன் முடிந்தது. கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எதிரே வரும் பஸ்சின் நம்பர் மங்கல்! பேப்பரைப் பிரித்தால் எழுத்து அதைவிட மங்கல்!

டாக்டரின் கை தவறவில்லை. உள்ளே வைத்த லென்சும் பழுது இல்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

இளவயதில் லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டவர்களுக்கு, வயதான பிறகு பல நாடுகளில் இந்தச் சங்கடம் நேர்ந்தது. துப்புத் துலக்கியதில் சிக்கியது கருவிழியின் பின்பக்கம்!

இதன் விவரம் வருமாறு:-

கருவிழி என்பது வாட்ச் கண்ணாடி போலக் கண்ணை முன்னால் மூடியிருக்கும் தெளிவான படலம். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு வளைவுகள். முன்வளைவின் ஆரம் சுமார் 7.8 மில்லிமீட்டர். பின்வளைவின் ஆரம் சுமார் 6.5.

'பவர்' கணக்கில் சொன்னால் முன்பக்கம் ஏறக்குறைய பிளஸ் 48. பின்பக்கம் மைனஸ் 6. வரவில் செலவு போக மிச்சம் 42.

குத்துமதிப்புக் கணக்கு

கண் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக இருக்கும் 'கெரட்டோமீட்டர்' கருவி வரவை மட்டும்தான் பார்க்கும். கருவிழியின் முன்பக்கத்தில் தெரியும் பிம்பத்தை வைத்து அது அளக்கிறது. பின்பக்கத்துக்கு ஒரு குத்துமதிப்பு. "முன்னாலே இவ்வளவுன்னா, பின்னாலே இவ்வளவுதான் இருக்கும்" என்று கணக்கு.

காரணம், பின்பக்கத்துப் பிம்பம் முன்பக்கத்துப் பிம்பத்தின் பிரகாசத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. பாரிசில் வேலை பார்த்த டென்மார்க்காரர் செர்னிங், 1890-களிலேயே விளக்குகளை வைத்து அந்த மங்கிய பிம்பத்தைப் பிடித்தார். ஆனால் அது ஆராய்ச்சி அறையோடு நின்றது.

சாதாரண கண்களுக்குக் குத்துமதிப்பு ஓரளவு போதும். 1990-களில் லேசர் சிகிச்சை பரவியது. கிட்டப்பார்வைக்கு லேசர் செய்யும்போது முன்பக்கம்தான் செதுக்கப்பட்டுத் தட்டையாகிறது. பின்பக்கம் ஏறக்குறைய பழையபடியே! கணக்கு உடைந்தது. கருவிழிக்கு இருக்கும் பவரைவிட அதிகமாகக் கருவி காட்டியது. அதை நம்பிக் குறைந்த பவர் லென்ஸ் வைக்கப்பட்டது. பார்வை மங்கியது.

சாய்த்துப் பிடித்த கேமரா

பின்பக்கத்தைப் படம் பிடிக்கும் வழி, பலூனில் இருந்து வந்தது! ஆகாயத்தில் இருந்து படமெடுத்து மேப் போட முயன்றவர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஷைம்ப்ஃப்ளூக். லென்சையும் பிலிமையும் சாய்த்துப் பிடித்தால், சாய்வான பொருள் முழுவதும் தெளிவாக விழும். இந்த முறையை விளக்கி 1904-ல் அவர் காப்புரிமை கேட்டார்.

இன்று 'பென்டாகேம்' போன்ற கருவிகளில் இதே தந்திரம்தான். மெல்லிய நீல வெளிச்சக் கீற்று கருவிழியை வெட்டுவதுபோல் விழும். கேமரா சுமார் 2 விநாடியில் சுற்றிவந்து படம் எடுத்துவிடும். வலி கிடையாது. கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை.

அண்டாத் தண்ணீரில் கிடக்கும் காசு மேலே இருப்பதுபோல் தெரியும் அல்லவா? அதுபோல் முன்பக்கத்தின் வழியாகப் பார்ப்பதால் பின்பக்கமும் இடம் மாறித் தெரியும். கம்ப்யூட்டர் அதைத் திருத்துகிறது. முன்பக்க அளவு பிசகினால் பின்பக்க அளவும் பிசகும்!

2012-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் டக்ளஸ் காக் குழுவினர் 715 கருவிழிகளை இப்படி அளந்து வெளியிட்டனர். கோணல் பார்வைக்கு லென்ஸ் பார்க்கும்போது பின்பக்கத்தை விட்டுவிட்டால் கணக்குத் தவறும் என்பது அதில் தெரிந்தது.

லேசருக்கு முன்பும் தேவை

இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலருக்குக் கருவிழி மெலிந்து கூம்புபோல் துருத்தும். முன்பக்கம் ஒழுங்காகத் தெரியும்போதே பின்பக்கம் புடைக்கத் தொடங்கலாம். அது தெரியாமல் லேசர் செய்தால் கருவிழி மேலும் தளர்ந்து பார்வையே கெடும். அதனால் லேசருக்கு முன் இந்தப் பரிசோதனை முக்கியம்.

பின்பக்கத்தை அளப்பதாலும் புதிய கணக்கு முறைகளாலும் குறி தவறுவது குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிடவில்லை.

ஆகவே, லேசர் செய்துகொண்டவர்கள் அந்தப் பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். புரை ஆபரேஷனுக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும், "எனக்கு லேசர் ஆகியிருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.