காதில் வேப்பங்குச்சி

முப்பது வருடத்துக்கு முன் நான் வார்டில் நர்ஸாகச் சேர்ந்தபோது, தையல் போட்ட இடம் அரித்தால் பழி சாப்பாட்டின் மேல்தான் விழும். "கத்திரிக்காய் குடுத்தீங்களா? கருவாடா?" என்று கூட இருப்பவரை அதட்டுவோம். உலோகத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படுமளவுக்கு உடம்பில் உலோகம் ஏறவும் இல்லை. தோலுக்குப் பட்டு நூல், முறிந்த எலும்புக்குப் பலருக்கு மாவுக்கட்டு.

இன்று தையலுக்குப் பதில் ஸ்டேப்ளர் பின். எலும்புக்குத் தகடு, ஸ்க்ரூ. முட்டிக்குக் கோபால்ட்-குரோமியம் மூட்டு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்றால் அதை அடைக்கும் கருவியிலும் நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பி. அந்தக் கம்பியின் எடையில் பாதிக்குமேல் நிக்கல்தான்.

சில வருடம் முன்பு ஓர் அம்மா. வயிற்று ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் சிவப்பு வட்டம், பொடிப் பொடியாக நீர்க்கொப்புளம். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆன்டிபயாடிக்கை மாற்றலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். தற்செயலாக நான் அந்த அம்மாவின் காதைப் பார்த்தேன். தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி.

"கவரிங் போட்டா புண்ணாயிடும் சிஸ்டர், அதான்."

கவரிங்கில் இருக்கும் நிக்கல்தான் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை; ஸ்டீல் பின்னிலும் அது உண்டு. அட்மிஷன் தாளில் 'அலர்ஜி: இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மருந்து, மாத்திரையைப் பற்றி மட்டும்தானே கேட்டிருந்தேன்!

இப்போது கவரிங், வாட்ச், ஜீன்ஸ் பட்டன் என்று பெயர் சொல்லியே கேட்கிறோம். ஆமாம் என்றால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட்டுக்கு அனுப்புவது உண்டு. 1890களில் யாடஸோன் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கிவைத்த முறைதான். நிக்கல் சல்ஃபேட் கலந்த களிம்பை முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்து, எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. சித்திரை மாதச் சென்னையில் இதைச் சொல்லிப் பாருங்கள்!

பயம் இன்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கவரிங் ஒத்துக்கொள்ளாதவர் ஊசிக்கே கையை இழுத்துக்கொள்கிறார். நொடி நேரம் குத்தி எடுக்கும் ஸ்டீல் ஊசி வேறு, பத்து நாள் தோலிலேயே கிடக்கும் பின் வேறு. டெஸ்ட்டில் முதுகு சிவந்தவருக்கெல்லாம் உள்ளே வைத்த மூட்டு கெட்டுப்போவதும் இல்லை. வேறு உலோக மூட்டு வேண்டுமா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், செலவும் கூடும்.

போன மாதம் அதே அம்மா முட்டிக்காக வந்தார். நான் தாளை எடுப்பதற்குள் காதைத் தொட்டுக் காட்டினார். புதுக் குச்சி.