முனைவர் பட்டத்துக்குப் பின் அயல்நாட்டில் ஆராய்ச்சி

முனைவர் பட்டம் பெற்றதும் ஆராய்ச்சிப் பயிற்சி முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வழிகாட்டியின் துணையின்றித் தானே சிந்தித்து ஆராயும் பருவம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. இப்பருவத்தில் வேறோர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ஊதியத்துடன் பணியாற்றுவதையே ‘போஸ்ட்டாக்’ என்கிறோம். அயல்நாட்டில் அத்தகைய இடத்தை எப்படிப் பெறுவது?

ஊரா, ஆய்வகமா?

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் 1976இல் இயற்பியலில் முனைவரானார். பிறகு உயிரியலில் நாட்டம் கொண்டு மீண்டும் மாணவராக அமர்ந்தார். 1978இல் யேல் பல்கலைக் கழகத்தில் பீட்டர் மூரின் ஆய்வகத்தில் சேர்ந்து, உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை ஆராயத் தொடங்கினார். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது ரைபோசோம் ஆய்வுக்காகவே. எனவே, எந்த ஊர் என்பதைவிட எந்த ஆய்வகம், எந்தப் பொருள் என்பதே முதற் கேள்வி.

இரு வழிகள்

முதல் வழி, பேராசிரியர் தம் ஆய்வுத் திட்டத்துக்குப் பெற்ற நிதியிலிருந்து நம்மை அமர்த்துவது. ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ போன்ற இதழ்களில் இதற்கான விளம்பரங்கள் வரும். விளம்பரம் வருமுன்பே கடிதம் எழுதியவருக்கு இடம் கிடைப்பதும் உண்டு.

இரண்டாம் வழி, நம் பெயரிலேயே உதவித்தொகை பெறுவது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்களுக்கு 6 முதல் 24 மாதங்கள் வரை தொகை வழங்குகிறது. நாட்டுவாரி ஒதுக்கீடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு: கடைசி நாளுக்கு முந்திய 36 மாதங்களில், செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். திட்டத்துக்கு, நம்மை ஏற்கும் ஜப்பானிய ஆராய்ச்சியாளரே தம் நிறுவனத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். விதிகள் மாறக் கூடியவை. அவ்வாண்டின் அறிவிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

இம்மூன்றுக்கும் ஏற்கும் விஞ்ஞானியின் சம்மதம் தேவை. ஆகவே எந்த வழியானாலும் தொடக்கம் ஒரு கடிதம்தான்.

கடிதம் எழுதும் முறை

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படியுங்கள். நீங்கள் செய்தது என்ன, கைவந்த செய்முறைகள் எவை, அவர் ஆய்வகத்தில் எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறீர்கள் என்பவற்றை ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். அலங்கார ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, தெளிவே போதும். ஆய்வேடு முடிவதற்கு ஓராண்டு முன்பே எழுதத் தொடங்குவது நல்லது.

ஏற்குமுன் கேட்க வேண்டியவை

ஹர் கோவிந்த் குரானா, 1948-49இல் சூரிக் நகரில் ஏறத்தாழ ஓராண்டு ஊதியமின்றி ஆராய்ச்சி செய்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றார் என்றாலும், அத்துணிவு எல்லோருக்கும் ஏற்றதன்று. ஊதியம், ஒப்பந்தக் காலம், மருத்துவக் காப்பீடு, குடும்பத்துக்கான விசா ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இடம் தருவதாகக் கூறி யாரேனும் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

இது நிரந்தர வேலையன்று என்பதையும் மறக்கலாகாது. யேலில் பணி முடியும் தறுவாயில் ராமகிருஷ்ணன் சுமார் 50 பல்கலைக் கழகங்களுக்கு ஆசிரியப் பணி கேட்டு எழுதினார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் அங்கே பற்றிய கேள்வியை அவர் விடவில்லை. அப்படி விடாமல் பற்றத் தக்க ஒரு கேள்வியைத் தேடிச் செல்வதே இப்பயணத்தின் நோக்கம்.