அடிக்காதீர்கள், பாஷை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்!

மனம் ஒடிந்து தெருவில் திரியும் வெளி மாநிலத் தொழிலாளிக்கு யார் துணை?

திருவொற்றியூர்:-

2018-ம் ஆண்டு மே மாதம். பழவேற்காட்டில் ஒரு ஆள் தனியாகத் திரிந்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகம். வாட்ஸ்அப்பில் ஏற்கனவே வதந்தி பரவிக்கிடந்த நேரம். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் மனநிலை சரியில்லாதவர் என்பது பிறகு வெளியான தகவல்!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் பீகார், ஒடிசா, வங்காளத்தில் இருந்து வந்த தொழிலாளிகள் ஏராளம். ஒரே ரூமில் பலபேர். நைட் ஷிப்டு. ஊரில் கடன். பேச ஆள் கிடையாது. இதில் ஒருவருக்கு மனம் ஒடிந்தால் என்ன ஆகும்?

"கப்ராஹட்"

அவர் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார். "கப்ராஹட்" என்பார். நெஞ்சு படபடப்பு, பயம், தவிப்பு எல்லாம் அந்த ஒரு இந்தி வார்த்தையில் அடக்கம். நம்ம காசிமேட்டுப் பாட்டி "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று சொல்வதில்லையா, அது மாதிரிதான். பாஷை தெரியாதவர் காதில் அது விழாது. தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவார்.

மொழிபெயர்க்க மேஸ்திரியை அழைத்துப் போவதும் வம்புதான். சம்பளம் கொடுக்கிறவர் எதிரில் "தூக்கம் வரலை, சாகலாம்போல இருக்கு" என்று எவன் வாயைத் திறப்பான்?

இதை டாக்டர்களும் உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் 16 கேள்விகள் சேர்த்தார்கள். 'உமக்கு என்ன நேர்ந்தது என்று நீர் நினைக்கிறீர்? எதனால் வந்தது? இதுவரை யாரிடம் போனீர்?' என்கிற ரீதியில் நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டு அறிகிற கேள்விகள் அவை.

மருந்தும் துவாவும்

நம்பிக்கையைக் கேலி செய்தால் நோயாளி ஓடிவிடுவார். நம்பிக்கையை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் கருகி மாண்டார்கள். பின்னாளில் அதே தர்காவில் துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது.

வடசென்னைக்கு இந்தத் தவிப்பு புதுசு இல்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபிறகு, கடையும் தொழிலும் பறிபோன தமிழர்கள் கப்பல் ஏறி நம்ம துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ் பேசினாலும், ரங்கூனில் பிறந்தவர்களுக்கு இது அந்நிய ஊர். பீச் ஸ்டேஷன் அருகே இன்றும் விற்கும் 'அத்தோ' அந்த ஏக்கத்தின் மிச்சம். அன்று கப்பல், இன்று ரெயில். அவ்வளவுதான் வித்தியாசம்!

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. பழவேற்காடு கொலை நடந்த அதே மே மாதம் 29-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. மனநோயோடு திரிபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். லாக்கப்பில் போடக்கூடாது. சிகிச்சை விவரத்தை அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லவேண்டும். ஒருவரின் சாதி, மதம், கலாசாரத்தைக் காட்டி மனநோயாளி என்று முத்திரை குத்தவும் கூடாது.

போன் வசதியும் உண்டு. 14416. 'டெலி மானஸ்' என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் என்று பல பாஷைகளில் ஆள் பேசுவார்.

கடைக்காரர்களே, உங்கள் கடை வாசலில் ஒரு வடநாட்டுக்காரர் ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறாரா? கம்பை எடுக்காதீர்கள். ஒரு டீ கொடுங்கள். அவர் பாஷை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அப்புறம் அந்த நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் கொடுங்கள்.

ஒரு உயிர் பிழைக்கும்!