மூடுபனியில் அனுமன் நதி

குற்றாலச் சாரலைப் படமெடுக்காத செல்போன் கிடையாது. அதே வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன் ஆற்றின் மேல் படியும் பனியை யாரும் சீந்துவதில்லை. மேக்கரை அடவிநயினார் அணையைத் தாண்டி இறங்கும் அனுமன் நதி, ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் பக்கமாக ஓடிச் சிற்றாற்றில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவாக இருந்தால் கரையில் மூடுபனியை எதிர்பார்க்கலாம்.

மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தாழ்வான ஆற்றுப் பள்ளத்தில் இறங்குகிறது. தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் சூட்டை இழக்காது. அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றில் பட்டதும் நுண்துளிகளாகிறது. ஒரு துளியின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான்தான். பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலையாளர்கள் அதை மூடுபனி என்பார்கள்.

ஒளியின் அலைநீளத்தைவிட இத்துளிகள் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. சிதறும் ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே போகிறது. கொஞ்சம்தான் திரும்பி வருகிறது. ஃபிளாஷைக் கெடுக்க அந்தக் கொஞ்சமே போதும். லென்ஸுக்கு அருகிலுள்ள துளிகள் பளீரென்று ஒளிர்ந்து ஆற்றையே மறைத்துவிடும். பனியில் பைக்கின் ஹைபீம் போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

ஆகவே ஃபிளாஷை அணைத்துவிட்டு, தெருவிளக்கைப் பார்த்து நில்லுங்கள். பல்பை மட்டும் ஒரு மரம் மறைக்கட்டும். கிளைகளின் நிழல் பனிக்குள் கோடுகோடாக நீளும். கேமரா எதை வாங்குவது, எந்த லென்ஸ் என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

பனியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். அக்கரை விளக்கு ஒன்றைப் பார்த்துக் கையால் திருகிக்கொள்வது நல்லது. டிரைபாட் அவசியம். ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தால் தண்ணீரும் பனியும் ஒன்றாக மெழுகிப்போகும், எனக்கு அது பிடிப்பதில்லை. ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றி 2 விநாடியில் எடுத்தால் பனியின் அசைவு கொஞ்சமாவது மிஞ்சும். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பையைவிட்டு உடனே வெளியே எடுத்தால் லென்ஸிலும் பனி பூக்கலாம். அரை மணி நேரம் பொறுங்கள்.

படித்துறைப் பாசி ஈரத்தில் மோசமாக வழுக்கும். இருட்டில் தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.