திருப்பதிக்கு எத்தனை கவுண்டர்?

பெரிய இணைய நிறுவனம் தன் போட்டியாளரை வாங்குவது குர்கானில் முடிவாகும் விஷயம். அதன் பலனை அனுபவிப்பவர்கள் இருப்பது அடிவாரத்தில்.

புரட்டாசி சனிக்கிழமை விடியும் முன்பே ஹைதராபாத், பெங்களூர் ஸ்லீப்பர் பஸ்கள் திருப்பதியில் ஆட்களை இறக்கிவிடத் தொடங்கிவிடும். தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் பயணியின் செல்போனில் இரண்டு ரசீதுகள். பஸ் டிக்கெட் ரெட்பஸ்ஸில் எடுத்தது. லாட்ஜ் அறை கோஐபிபோவில் பிடித்தது. மேக்மைட்ரிப்பிலும் ஒருமுறை விலை பார்த்துவிட்டு, இருப்பதில் மலிவானதைப் பிடித்துவிட்ட திருப்தி வேறு அவருக்கு. அவர் ஏறி இறங்கிய மூன்று கடைகளுக்கும் முதலாளி ஒருவர்தான் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது.

அப்படி ஆனது 2017இல். அதற்கு முன் மேக்மைட்ரிப்பும் ஐபிபோவும் ஜென்ம விரோதிகள். 2000இல் தீப் கல்ரா தொடங்கிய மேக்மைட்ரிப், 2010இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைவரை போனது. ஐபிபோவுக்குப் பின்னால் நின்றவர்கள் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸும் சீனாவின் டென்சென்ட்டும். இரண்டுக்கும் குர்கானில்தான் தலைமையகம். ஒருவர் அறைக்குத் தள்ளுபடி கொடுத்தால் மற்றவர் அதற்கு மேல் கொடுப்பார். வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம், முதலீட்டாளருக்கு நஷ்டம். 2016 அக்டோபரில் இருவரும் கைகுலுக்கினார்கள். மேக்மைட்ரிப் ஐபிபோவை வாங்கியது. பங்குக்குப் பங்கு என்ற கணக்கில் ஐபிபோவின் உரிமையாளர்களுக்கு மேக்மைட்ரிப்பில் 40 சதவிகிதம் கிடைத்தது. இந்தியப் போட்டி ஆணையமும் சம்மதிக்க, 2017 ஜனவரி 31இல் காரியம் முடிந்தது. ஐபிபோ 2013இலேயே வாங்கியிருந்த ரெட்பஸ்ஸும் சீர்வரிசைபோலக் கூடவே வந்து சேர்ந்தது.

ரெட்பஸ்ஸின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் கிடைக்காமல் திண்டாடிய இளைஞர் பணீந்திர சாமா. பிலானியில் கூடப் படித்த இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கடை அது. அதற்கு முந்தைய நிலைமை ஆம்னி பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவிருக்கும். பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஏஜெண்டிடமும் சில சீட்டுகள். அவரிடம் தீர்ந்துவிட்டால் 'பஸ் ஃபுல்' என்பார். அதே பஸ்ஸில் இடம் காலியாக இருப்பது அவருக்கே தெரியாது. பண்டிகை நாளில் விலை, கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும். அந்த நோட்டுப் புத்தகத்தை ஒழித்தவகையில் இணையத்துக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். எந்த சீட் காலி, என்ன விலை, எங்கே ஏறலாம் என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிகிறது. பழைய ஏகபோகம் சின்னச் சின்னதாக ஊருக்கு ஊர் இருந்தது. புதிய ஏகபோகம் வந்தால் நாடு முழுவதற்கும் ஒன்றாக வரும்.

அப்படியானால் பெரிய நிறுவனம் போட்டியாளரை வாங்கவே கூடாதா? வாங்குபவர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு கம்பெனிகளும் கடன் வாங்கியாவது தள்ளுபடி கொடுத்து அழிவதைவிட ஒன்றாகிப் பிழைப்பது மேல். மென்பொருளுக்கு இருமுறை செலவழிக்க வேண்டியதில்லை. விற்காமல் பிடிவாதம் பிடித்தவர்கள் எல்லாம் ஜெயித்ததும் இல்லை. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் யாஹூவுக்கு 4,460 கோடி டாலர் விலை பேசியது. யாஹூ மறுத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதன் முக்கியத் தொழில் வெரிசானுக்குப் போனபோது விலை 448 கோடி டாலர்தான்.

ஆனால் இது விற்றவர், வாங்கியவர் கணக்கு. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். திருப்பதியில் இருபது அறைகள் வைத்து லாட்ஜ் நடத்துபவர்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஓர் அறை 2,000 ரூபாய். இணையக் கம்பெனியின் கமிஷன் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். பேச்சுக்கு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் 400 ரூபாய் போய்விடும். இரண்டு கம்பெனிகள் இருந்த காலத்தில், 'அவன் 15 கேட்கிறான், நீ என்ன சொல்கிறாய்?' என்று பேரம் பேசலாம். இரண்டும் ஒன்றானபின் யாரிடம் போய்ப் பேசுவது? கமிஷன் மிச்சமாகிறதே என்று தன் சொந்த இணையதளத்தில் அதே அறையை 1,800க்குக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் ஒப்பந்தத்தில் பூட்டு. எங்கள் தளத்தில் உள்ள விலைக்குக் குறைவாக வேறு எந்தத் தளத்திலும் விற்காதே என்று ஒரு ஷரத்து. பயணி எத்தனை தளங்களில் தேடினாலும் ஒரே விலை வருவதன் ரகசியம் இதுதான்.

இது வெறும் புலம்பல் அல்ல என்பதைப் போட்டி ஆணையமே பிறகு சொன்னது. ஓட்டல்காரர்களின் கூட்டமைப்பு கொடுத்த புகார் பேரில் 2019 அக்டோபரில் விசாரணைக்கு உத்தரவானது. மூன்றாண்டு கழித்து, 2022 அக்டோபர் 19இல், தீர்ப்பு. இணையத்தில் ஓட்டல் அறை விற்கும் சந்தையில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ ஆதிக்கம் செலுத்துகிறது, அதைத் தவறாகவும் பயன்படுத்தியது என்றது ஆணையம். ஓயோவோடு செய்துகொண்ட ஏற்பாட்டால் ட்ரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் ஆகிய இரண்டு போட்டி நிறுவனங்களின் அறைகள் தளத்திலிருந்து நீக்கப்பட்டதும் குற்றமாகச் சொல்லப்பட்டது. மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம். ஓயோவுக்கு 168.88 கோடி. விலை ஷரத்தை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கவும் உத்தரவு. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது.

கவனிக்க வேண்டியது தேதிகளை. 2017இல் இணைப்புக்குக் கையெழுத்திட்டதும் அதே ஆணையம். 2022இல் ஆதிக்கத்துக்கு அபராதம் போட்டதும் அதே ஆணையம். நடுவில் ஐந்து ஆண்டுகள், கொரோனாவில் லாட்ஜ்கள் காற்று வாங்கிய மாதங்களையும் சேர்த்து. அபராதத் தொகை அரசு கஜானாவுக்குப் போகும். கமிஷனாகப் போன பணம் லாட்ஜுக்குத் திரும்பி வராது. ஐரோப்பாவில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். ஓட்டல் முன்பதிவில் ராஜாவான புக்கிங், விமான டிக்கெட் விற்கும் ஈட்ராவலியை வாங்கப் போனபோது, 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வாசலிலேயே தடுத்துவிட்டது. இரண்டும் நேரடிப் போட்டியாளர்கள்கூட அல்ல. ஓட்டலில் இருக்கும் பிடி இன்னும் இறுகும் என்பதே காரணம்.

திருப்பதிக்கு மட்டும் ஒரு தற்காப்பு உண்டு, அது மலைமேல் இருக்கிறது. திருமலையில் தனியார் லாட்ஜ் கிடையாது. பெரும்பாலான அறைகள் தேவஸ்தானத்துடையவை. 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டைத் தேவஸ்தானம் தன் இணையதளத்திலேயே விற்கிறது. மலைப்பாதையில் ஓடுபவை அரசு பஸ்கள். அடிவாரத்திலும் ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ் நிலையத்தருகே சீனிவாசம் என்று தேவஸ்தான விடுதிகள் இருக்கின்றன. தனியார் லாட்ஜ் இஷ்டத்துக்கு விலை ஏற்றினால் பயணிக்கு ஒதுங்க ஓர் இடம் உண்டு, அங்கே இடம் கிடைக்கும்வரையில்.

எழுபது கிலோமீட்டர் தள்ளி, சித்தூரில் இன்னும் நிம்மதி. வேலூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் பஸ் மாற்றும் ஊர் இது. தமிழ் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். திருப்பதிக்கோ காணிப்பாக்கத்துக்கோ போக யாரும் செல்போனைத் தடவ வேண்டியதில்லை. நின்றால் அரசு பஸ் வரும், ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார். இணைய ராட்சசனின் கை நீளுவது ராத்திரிப் பயணத்தில்தான். ஹைதராபாத்துக்கு 550 கிலோமீட்டருக்கு மேல், படுத்துக்கொண்டு போக வேண்டும், ரயிலில் இடமில்லை என்னும்போது பயணி ஆம்னி பஸ்ஸுக்கு வருகிறார். அங்கே டிக்கெட் விற்பவர்களின் எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கும். ரெட்பஸ்ஸுக்குப் போட்டியாக ஹைதராபாத்தில் வளர்ந்த அபிபஸ்ஸையும் 2021இல் இக்சிகோ வாங்கிவிட்டது. ஆனால் இக்சிகோ தனிக் கடை என்பதால் போட்டி சாகவில்லை. நாளை மேக்மைட்ரிப்பே இக்சிகோவுக்கு விலை பேசினால் அது வேறு கதை. அதை அனுமதிக்கவே கூடாது.

இதற்கிடையில் சட்டமும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. முன்பு வாங்கப்படும் கம்பெனியின் சொத்தையும் விற்றுமுதலையும் பார்த்தே ஆணையத்திடம் போக வேண்டுமா என்று முடிவாகும். இணையக் கம்பெனிக்குச் சொத்து என்பது நாலு கம்ப்யூட்டர், விற்றுமுதலும் சொற்பம். ஆனால் கோடிக்கணக்கில் விலை போகும். 2024 செப்டம்பர் 10 முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால், அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே விலைபோகும் சின்னக் கடைகளுக்குப் பழைய கணக்குதான்.