எதிரணிதான் முதலீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நல்ல திடலும் பந்து விளையாடும் பையன்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள தோட்டங்களில் குழு இல்லையென்றால் திடல் மாடு மேயத்தான் உதவும். எட்டுத் தோட்டங்களில் குழு இருந்து, ஒவ்வொன்றும் மற்றதோடு ஒருமுறை மோதினால் 28 ஆட்டங்கள். ஒரு குழு விலகினால் ஏழு ஆட்டங்கள் போய்விடும். ஒன்பதாவதாக ஒன்று சேர்ந்தால் எட்டு ஆட்டங்கள் கூடும். ஆள் சேரச் சேர, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் பயன் பெருகுவதைத்தான் நெட்வொர்க் எஃபெக்ட் என்கிறார்கள். தமிழில் வலைப்பின்னல் விளைவு.

மொத்தமாக வாங்கினால் ஜெர்சி மலிவாகக் கிடைப்பது இதில் சேராது. அது அளவினால் வரும் இலாபம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கடை விரித்தவர்கள் பலர்.

பேராக்கில் தோட்டத் துண்டாடலும், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும், வீடமைப்புத் திட்டங்களும் தோட்டக் குழுக்களின் பழைய வலையை அறுத்தன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது குழுவும் கலைந்தது. குழு கலைந்ததும், கலையாமல் இருந்த பக்கத்துத் தோட்டத்துக் குழுவுக்கும் ஆட எதிரணி இல்லாமல் போனது. சேரும்போது எப்படி வேகமோ, பிரியும்போதும் அதே வேகம்.

இன்று அந்த வலை ஈப்போ சுற்றுவட்டாரத்து எழுவர் காற்பந்துப் போட்டிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறது. குழுக்கள் நிறைய பதிந்தால் நுழைவுக் கட்டணம் சேரும், பரிசுத்தொகை ஏறும். பரிசைப் பார்த்துத் தைப்பிங்கிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கூட்டத்தை நம்பித் தண்ணீர்க் கடையும், பதாகைக்குப் பணம் தரும் பட்டறைக்காரரும் வருவார்கள். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கிண்ணங்கள் நடந்தால் குழுக்கள் பிரிந்து, இரண்டுமே சோர்ந்துவிடும்.

பூப்பந்துக் கோர்ட்டைக் கைப்பேசியில் முன்பதிவு செய்ய உதவும் கோர்ட்சைட் போன்ற செயலிகளுக்கு இரண்டு பக்கம் ஆள் வேண்டும். கோர்ட் இல்லாவிட்டால் ஆட்டக்காரர் வரமாட்டார். ஆட்டக்காரர் இல்லாவிட்டால் கோர்ட் முதலாளி சேரமாட்டார். இன்னொன்றும் உண்டு. மெங்லெம்புவில் வேலை முடிந்து எட்டு மணிக்கு ஆடப்போகிறவருக்கு, ஜொகூரில் ஆயிரம் கோர்ட் இருந்தும் என்ன பயன்? இந்தத் தொழிலில் வலை ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பின்னப்பட வேண்டும். ஒரே கைப்பேசியில் இரண்டு செயலிகளை வைத்துக்கொள்ளவும் தடையில்லை. அதனால் முதலில் வந்தவரே நிலைப்பார் என்று சொல்ல முடியாது.

பெரிய லீக்குகளிலும் கணக்கு இதுவே. அமெரிக்கப் பொருளியலாளர் வால்டர் நீல் 1964இல் ஒரு விநோதத்தைச் சுட்டினார். சாதாரண வணிகர் போட்டிக் கடை மூடினால் மகிழலாம்; குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசுக்கு மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற வலுவான எதிராளி இல்லாவிட்டால் வருமானமே இல்லை.

மலேசிய சூப்பர் லீக்கை ஜொகூர் டாருல் தாக்சிம் 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை வென்றிருக்கிறது. அந்த அணியின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? 2018இல் ஷா ஆலம் அரங்கில் திரங்கானுவைப் பெனால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய பேராக் அணி, நிதி நெருக்கடியால் 2025-26 பருவத்துக்கு முன் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. நட்டம் ஈப்போ ரசிகருக்கு மட்டுமல்ல. பேராக்குடன் மோத வேண்டிய ஒவ்வொரு அணிக்கும் சொந்த அரங்கில் ஒரு வசூல் நாள் குறைந்தது. வலுத்த அணி தன் பணத்தில் கொஞ்சம் நலிந்த அணிக்கு விட்டுக்கொடுப்பதைத் தருமம் என்று பார்ப்பது தவறு. அது தன் சரக்கைக் காப்பாற்றும் செலவு.

ஊரில் கிண்ணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி குறிக்கும் முன் பக்கத்து ஊர் ஏற்பாட்டாளரை அழைத்துப் பேசுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற குழுவுக்கும் இன்னோர் ஆட்டம் கிடைக்கும்படி அட்டவணை போடுங்கள். வேன் வாடகை கொடுத்து வந்து அரைமணி நேரத்தில் வெளியேறிய குழு அடுத்த ஆண்டு வராது.