காப்பி எடுத்ததில் கோளாறாகிப் பிறந்த சூப்பர்மேன்! 'பிஸாரோ' காமிக்ஸுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

சூப்பர்மேனை ஜெராக்ஸ் எடுக்கப் போய், அது சொதப்பினால் என்ன ஆகும்? அந்த சொதப்பலுக்கு காமிக்ஸ் உலகில் வைத்த பெயர்தான் பிஸாரோ. 2025 ஜூலையில் வெளியான 'சூப்பர்மேன்' படத்தில், லெக்ஸ் லூதர் உருவாக்கிய குளோனாக அல்ட்ராமேன் வந்ததும், "இது நம்ம பிஸாரோ மாதிரியே இருக்கே" என்று ரசிகர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

யார் இந்த பிஸாரோ?

1958-ல் டிசி நிறுவனத்தின் 'சூப்பர்பாய்' காமிக்ஸ் 68-வது இதழில் முதன்முதலாக வந்தவன். எழுதியவர் ஓட்டோ பைண்டர், வரைந்தவர் ஜார்ஜ் பேப். அதே காலகட்டத்தில் செய்தித்தாள் சூப்பர்மேன் தொடரிலும் பிஸாரோ வந்தான். அதை எழுதிய ஆல்வின் ஷ்வார்ட்ஸ், தான்தான் முதலில் யோசித்ததாகச் சொன்னார்.

கதை இதுதான். ஒரு விஞ்ஞானியின் நகலெடுக்கும் கருவி கோளாறாகி, சூப்பர்பாய் மீது கதிர் பாய்கிறது. சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, கல்லைச் செதுக்கியது மாதிரி முகத்தோடு ஒரு நகல் வெளியே வருகிறது. பலம் அப்படியே இருக்கு. பேச்சும் புத்தியும்தான் கோணல்!

ஊரே அவனைப் பார்த்து பயந்து ஓடுகிறது. பயப்படாமல் பழகுவது பார்வையில்லாத சிறுமி மெலிஸா மட்டும்தான். கடைசியில் அவன் அழியும்போது ஏற்படும் அதிர்வில் அந்தச் சிறுமிக்குப் பார்வை திரும்புகிறது. வில்லன் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கியவர்களை இரக்கப்பட வைத்த இடம் இது.

சதுரமான கிரகம்!

1959-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 254-வது இதழில் லெக்ஸ் லூதர் அதே கருவியை மறுபடி உருவாக்க, இந்த முறை வளர்ந்த சூப்பர்மேனின் நகல் பிறந்தது. அடுத்த ஆண்டே பிஸாரோக்களுக்குத் தனி உலகம் கிடைத்தது. சதுர வடிவ கிரகம். எல்லாமே தலைகீழ். அங்கே எதையாவது கச்சிதமாகச் செய்தால் அதுதான் குற்றம்!

சேகரிப்பாளர்களுக்கு ஏன் பிடிக்குது?

முதல் காரணம், 'முதல் தோற்றம்'. ஒரு கதாபாத்திரம் முதன்முதலில் வரும் இதழுக்கு காமிக்ஸ் சந்தையில் தனி மவுசு. சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிஸாரோ இதழ்கள் அந்த உயரத்தில் இல்லை. ஆனாலும் சூப்பர்மேன் விரும்பிகளின் பட்டியலில் அவற்றுக்கு இடம் உண்டு.

இரண்டாவது, நல்ல பிரதிகள் குறைவு. 10 சென்ட் கொடுத்து வாங்கிய குழந்தைகள் அதை மடித்து, கைமாற்றி, பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். பத்திரமாக வைக்க வேண்டிய பொருள் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

மூன்றாவது, அந்தத் தோற்றம். ஒரு அலமாரியில் பத்து சூப்பர்மேன் பொம்மைகள் வரிசையாக நின்றாலும், கண் போய் நிற்பது வெளுத்த முகத்தோடு, மார்பில் 'எஸ்' எழுத்து திரும்பியிருக்கும் பிஸாரோ மேல்தான். மாட்டெல், மெக்ஃபார்லேன் போன்ற நிறுவனங்கள் இந்த பொம்மையை வெளியிட்டிருக்கின்றன.

விலையை முடிவு செய்வது எது?

புத்தகத்தின் நிலை. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் இதழைப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும். ஓரத்தில் ஒரு மடிப்பு, முதுகில் ஒரு கிழிசல், துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்... ஒவ்வொன்றும் மதிப்பெண்ணைக் குறைக்கும். கோணல்மாணலாகப் பிறந்தவனின் புத்தகத்தில் ஒரு சின்னக் கோணல் இருந்தாலும் சந்தை மன்னிக்காது!

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* "முதல் பிஸாரோ" என்று சொல்லி 254-வது இதழை விற்கலாம். அது வளர்ந்த பிஸாரோவின் முதல் வரவு. உண்மையான முதல் தோற்றம் 'சூப்பர்பாய்' 68.

* பழைய இதழ்களின் மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு. அட்டையை மட்டும் நம்பாமல், உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படிக்கணும்.

* நிறம் தீட்டி, ஓரம் வெட்டி 'புதுசு' போல ஆக்கிய பிரதிகளுக்கு மதிப்பு குறைவு. சி.ஜி.சி. உறையில் ஊதா லேபிள் இருந்தால், இதழ் சீரமைக்கப்பட்டது என்று அர்த்தம்.

* புதுப்படம் வரும் நேரத்தில் விலை எகிறும், பரபரப்பு அடங்கினால் இறங்கும். லாபத்தை மட்டுமே நம்பி சேமிப்பைப் போடுவது ரிஸ்க்.

கதையை மட்டும் படிக்க ஆசையா? அதற்கு பழைய பிரதியே தேவையில்லை. இந்தக் கதைகள் தொகுப்பு நூல்களாகவும் வந்துள்ளன.